மழை இரவுக்கு ஒரு பை: மலையில் இருப்பவர்களுக்கான அவசரப் பையும் குளிர்ப் படுக்கையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் இரவு. குன்னூருக்குக் கீழே இருக்கும் எங்கள் பகுதியில் வீட்டுக்குப் பின்புறத்து மேட்டில் மண் இறங்கத் தொடங்கியது. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அம்மா, மனைவி, ஆறு வயது மகள், நான். கைக்கு அகப்பட்ட மூன்று கம்பளிகளைப் பெட்ஷீட்டில் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. போய்ச் சேரும்போது மூட்டை இரண்டு மடங்கு கனத்தது. பிழிந்தால் தண்ணீர் ஊற்றியது.

வகுப்பறையில் சிமெண்ட் தரை. ஓரளவு காய்ந்திருந்த ஒரு கம்பளியை அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்துப் போர்த்தினோம். அப்படியும் அம்மாவின் பல் கிட்டியது. பக்கத்தில் ஊட்டி மண்டியில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். காரட் ஏற்றும் சாக்குகளை மடித்து, உரப்பைக்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தார். நான்கு சாக்குகளை எடுத்து நீட்டினார். "மேல எத்தனை போர்த்தினாலும் தரை இழுத்துக்கிட்டேதான் இருக்கும் தம்பி. முதல்ல இதைக் கீழ போடு" என்றார். போட்டோம். பத்து நிமிடத்தில் அம்மாவின் நடுக்கம் அடங்கியது.

நான் கட்டிக்கொண்டு போனது விலை உயர்ந்த கம்பளி, அவர் கொண்டுவந்தது நாற்றமடிக்கும் சாக்கு. ஆனால் அவருடையது காய்ந்திருந்தது, தரைக்கும் உடம்புக்கும் நடுவில் போட உதவியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அவசரப் பையை இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கட்டுகிறோம். டார்ச், பிஸ்கட், கயிறு என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் படுக்கை கடைசி வரியில் இருக்கும். மலைக்கு அந்த வரிசை சரிப்படாது. இங்கே படுக்கைதான் முதலில்.

எந்த மாதத்துக்கு, எந்தச் சரிவுக்கு

மலை முழுக்க ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் ஆபத்து. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது அந்த மழையின் மண்சரிவில்தான். பழனி மலைக்கும் அக்டோபர், நவம்பர்தான் கெட்ட காலம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துப் பக்கம் கரையேறி, கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்தது.

மழைக்காலத்தில் தெர்மாமீட்டர் 10, 12 டிகிரி காட்டும். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் அந்த 12 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதை வேறு. நீர்ப்பனி போய் உறைபனி விழும். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளங்களில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். ஆனால் அது காய்ந்த குளிர், சமாளிப்பது எளிது. ஆகவே பையைக் கட்டும்போது மனதில் வைக்க வேண்டியது ஜனவரியின் உறைபனியை அல்ல, நவம்பர் மழையை.

இந்தப் பை மூன்று நாளுக்கு. ஒரு இரவு பள்ளிக்கூடத் தரை, அல்லது மரம் விழுந்த பாதையில் பஸ்ஸுக்குள் ஓர் இரவு, அல்லது கரண்டும் சிக்னலும் இல்லாமல் சொந்த வீட்டிலேயே மூன்று நாள். மூன்றுக்கும் ஒரே பை போதும்.

படி 1: ஆளுக்கு ஒரு பை

குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பெரிய பை கட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அதைத் தூக்குபவர் ஒரு வாகனத்திலும் மற்றவர்கள் இன்னொரு வாகனத்திலும் ஏறினால் முடிந்தது கதை. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அதன் பள்ளிப் பை அளவில் ஒன்று: அதனுடைய உடுப்பு, குல்லா, தண்ணீர் பாட்டில், விசில். வயதானவர்களுக்கு மருந்தும் சால்வையும் மட்டும் உள்ள தோள்பை. அவர்களுடைய படுக்கை உங்கள் பையில் வரட்டும்.

படி 2: பையைத் தேர்ந்தெடுப்பது

40 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை போதும். 60 லிட்டர் வாங்கினால் 60 லிட்டரையும் நிரப்புவோம், அது மனித சுபாவம். 30 லிட்டரில் படுக்கை நுழைந்தால் மற்றது நுழையாது.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். எட்டு கிலோ எடை போட்டு மாட்டுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் ஏதாவது உள்ளே வைத்துத் தருவார், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையும் மூன்று லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை இறுக்கியதும் தோளில் கனம் குறைவது தெரிய வேண்டும். வெறும் அலங்காரத்துக்கு ஒரு நாடா தைத்த பைகளும் உண்டு, அவற்றால் பயன் இல்லை. தேயிலைத் தோட்டப் படிகளில் மழையில் இறங்கும்போது பை ஆடினால் கால் வழுக்கும். இடுப்போடு ஒட்டி நிற்கும் பைதான் இங்கே உதவும்.

ஜிப்பை விட மேல்வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மூடியை மேலே மடக்கும் வகை எனக்குப் பிடிக்கும். ஜிப் மண்ணில் சிக்கும், விரல் மரத்த நேரத்தில் திறக்கவும் வராது. நிறம் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் எதுவானாலும் சரி. காட்டுப் பச்சையும் ராணுவ டிசைனும் மட்டும் வேண்டாம். உங்களைத் தேடி வருபவர் கண்ணில் படத்தானே வேண்டும்.

படி 3: நனையாமல் வைப்பது

பையோடு வரும் மழை உறையை நம்பிவிடாதீர்கள். தூறலுக்கு அது சரி. நம் ஊர் மழை முதுகுப் பக்கமாக, தோள்பட்டை வழியாக உள்ளே இறங்கும். கீழே வைத்தால் சேற்றுத் தண்ணீர் அடியிலிருந்து ஏறும். காப்பாற்றுவது உள்ளே போடும் உறைதான்.

25 கிலோ அரிசி அல்லது சர்க்கரை மூட்டைக்குள் தடித்த பிளாஸ்டிக் உள்பை ஒன்று வருமே, அதுபோல ஒன்றைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்ட் போடுங்கள். முறுக்கி மடித்தால்தான் தண்ணீர் போகாது. வெறுமனே முடிச்சுப் போட்டால் ஒழுகும். உரப்பையின் உள்பை வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் யூரியா வாடை போகாது, துணியில் பட்டால் தோல் அரிக்கும். அந்தப் பெரியவர் உரப்பையில்தான் கொண்டுவந்தார் என்பது உண்மை, நாற்றத்துக்கும் அதுதான் காரணம். காசு இருந்தால் வாயைச் சுருட்டிப் பூட்டும் ட்ரை பேக் வாங்கலாம்.

படுக்கைக்கும் இரவு உடுப்புக்கும் தனித்தனியாக இன்னொரு உறை. வெளி உறை கிழிந்தாலும் இவை காய்ந்திருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை. உள்ளே பழைய செய்தித்தாளை வைத்துக் கட்டி, பையைக் குளியலறையில் குழாய்க்குக் கீழே பத்து நிமிடம் வையுங்கள். தாள் ஈரமானால் உறையை மாற்ற வேண்டும். என் முதல் பை இதில் தோற்றது. உறையில் ஓட்டை எதுவும் இல்லை, நான் வாயை மடித்த விதம்தான் சரியில்லை.

படி 4: படுக்கை, தரையிலிருந்து மேலே

கம்பளி சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூட்டைத் தன் இழைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நாம் படுத்ததும் கீழே இருக்கும் பகுதி நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். அதனால் எவ்வளவு தடித்த ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் முதுகுப் பக்கம் அது வெறும் துணிதான். தரை சூட்டை உறிஞ்சும். அமுங்காத ஒன்று கீழே வேண்டும்.

*பாய்.* சுருட்டக்கூடிய ஃபோம் பாய் நல்லது. அரை கிலோவுக்குள் எடை, தண்ணீர் குடிக்காது, ஓட்டை விழுந்தாலும் வேலை செய்யும். ஊதும் பாய் இதைவிடச் சுகம்தான், ஆனால் ஒரு முள் குத்தினால் அந்த இரவு முழுக்கத் தரையில்தான். பாயின் குளிர்தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று குறிப்பார்கள். சாதாரண ஃபோம் பாய்க்கு அது 2 அளவில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். அதனால் வயதானவருக்கு இரண்டு. வீட்டில் யோகா பாய் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மெல்லியது, கனமும் கூடுதல், ஆனாலும் வெறும் தரைக்கு எவ்வளவோ மேல். பாய் வாங்க வசதியில்லையா, காய்ந்த சாக்கு நான்கு, பிரித்த அட்டைப்பெட்டி இரண்டு, அதன்மேல் ஜமுக்காளம். கோரைப்பாய் மட்டும் போதாது, குளிர் ஏறிவிடும்.

பாய்க்கும் கீழே ஒரு தார்ப்பாய். ஆறடிக்கு எட்டடி இருந்தால், தரை ஈரமானால் விரிக்கலாம், ஓடு ஒழுகினால் மேலே கட்டலாம்.

*ஸ்லீப்பிங் பேக்.* லேபிளில் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 23537 எண் இருந்தால் அதன் டிகிரிகளை நம்பலாம். மூன்று டிகிரிகள் கொடுத்திருப்பார்கள்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். முதலாவதை மட்டும் பாருங்கள். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், பெண்ணின் உடல்வாகை வைத்துக் கணக்கிடுவது. லிமிட் என்பது ஓர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. சில கடைகளில் மூன்றாவது எண்ணைத்தான் பெரிதாக எழுதி விற்பார்கள். தரம் எதுவும் குறிக்காமல் ஒரே ஒரு டிகிரி மட்டும் போட்டிருந்தால், அது விற்பவரின் ஆசை என்று வைத்துக்கொண்டு ஐந்து டிகிரி கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

குன்னூர், கோத்தகிரி உயரத்துக்கு, அதாவது 1,800 மீட்டர் சுற்றில், கம்ஃபர்ட் 5 டிகிரி போதும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கும் கொடைக்கானலின் மேல்பகுதிக்கும் 0 டிகிரி வாங்கலாம். அதற்கும் கீழே, இமயமலைக்கான பேக் வாங்க வேண்டாம். அதற்குள் வியர்க்கும், வியர்வை ஈரம், ஈரம் மறுபடியும் குளிர்.

உள்ளே இறகா, செயற்கைப் பஞ்சா? இறகு லேசு, சின்னதாகச் சுருளும், விலை கூடுதல். ஆனால் நனைந்தால் இறகு கட்டியாகிச் சூடு போய்விடும், காய இரண்டு நாள் ஆகும். நம் மேகமூட்டத்தில் அந்த இரண்டு நாள் நான்காகும். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் ஈரமானாலும் கைவிடாது. மலைக்கு அதுதான் சரி. ஒன்றரை கிலோ எடை இருக்கும், பரவாயில்லை.

கம்பளியே போதாதா என்று அத்தை கேட்பார். நல்ல கம்பளிக்கு நானும் எதிரி இல்லை. ஈரமானாலும் கொஞ்சம் சூடு காக்கும். ஆனால் ஓர் ஆளைச் சுற்றி மூட இரண்டு கம்பளி வேண்டும், அது நான்கு கிலோ. இரவில் புரளும்போது ஓரத்தில் திறந்துகொள்ளும். வாகனத்தில் கொண்டுபோக முடிந்தால் கம்பளி, முதுகில் சுமப்பதானால் ஸ்லீப்பிங் பேக். எங்கள் வீட்டில் மூன்று பேக்கும், அம்மாவுக்குக் கம்பளியும். ஜிப் போட்ட பைக்குள் கால் நுழைத்துப் படுக்க அவருக்கு மூச்சு முட்டுகிறதாம்.

*வெள்ளித்தாள் போர்வை.* சாக்லேட் உறை மாதிரி மினுங்கும் அவசரப் போர்வை, கைக்குட்டை அளவுக்கு மடிந்து வரும். ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், எடையே இல்லை. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டை அது திருப்பி அனுப்பும். தரை இழுக்கும் சூட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எனவே அதைப் பாயாக விரிக்காதீர்கள். காற்று புகாததால் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். கம்பளியின் மேலே, முகத்தைத் திறந்துவிட்டு, காற்றைத் தடுக்க மட்டும் போர்த்துங்கள்.

படி 5: தொடக்கூடாத உடுப்பு

ஒரு முழு உடுப்பு இரவுக்கென்றே தனியாக. தெர்மல் மேல்சட்டை, தெர்மல் பேன்ட், ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, குரங்கு குல்லா, மஃப்ளர், கையுறை. இவற்றை வழியில் எவ்வளவு குளிரினாலும் எடுக்கக்கூடாது. கூரைக்கு அடியில் போய், நனைந்ததைக் கழற்றி, துண்டால் துடைத்த பிறகுதான் போடவேண்டும். நடக்கும்போதே போட்டு நனைத்துவிட்டால் இரவுக்கு எதுவும் இருக்காது.

பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஸ்வெட்டரை ஊட்டி திபெத்தியர் கடைகளில் வாங்குவதானால் கைக்குக் கனமாக இருப்பதைத் தேடாதீர்கள். இரண்டு மெல்லியவை ஒரு தடித்ததை விட மேல், நடுவில் காற்று நிற்கும்.

மழைக்கு ரெயின்கோட், குடை அல்ல. மலைக்காற்றில் குடை ஒரு நிமிடம் தாங்காது. காலுக்கு கம்பூட் இருந்தால் நல்லது. கூடவே ஒரு பொட்டலம் உப்பு, காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு.

படி 6: வெளிச்சம், தண்ணீர், சாப்பாடு

நெற்றியில் மாட்டும் டார்ச் வாங்குங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்தால், அது கசிந்தாலும் டார்ச் கெடாது. பவர் பேங்க் குளிரில் சீக்கிரம் இறங்கும், இரவில் அதையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன ரேடியோ ஒன்று. செல்போன் கோபுரத்தின் டீசல் தீர்ந்த பிறகு செய்தி தருவது அதுதான். கொடைக்கானல்காரர்களுக்குக் கோடை பண்பலை 100.5.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், ஸ்டீல் பாட்டிலில். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரி, கொடைக்கானல் இரண்டிலும் தடை என்பது ஒரு காரணம், இன்னொன்று கீழே வரும். குளோரின் மாத்திரை ஓர் அட்டை. ஓடைத் தண்ணீரைக் காய்ச்சினால், ஊட்டி உயரத்தில் அது 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள்.

சாப்பாட்டில் அடுப்பில்லாமல் தின்பது மட்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, அவல், வெல்லம், வறுத்த கடலை. படுக்கும் முன் ஏதாவது தின்றால்தான் இரவில் உடம்பு எரிக்க ஏதாவது இருக்கும். வர்க்கி வைக்க எனக்கும் ஆசைதான், பைக்குள் தூளாகிவிடும். எல்லாவற்றையும் இறுக்கமான ஸ்டீல் டப்பாவில். கோத்தகிரிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவையே பெயர்க்கும். முறுக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 7: மருந்தும் காகிதமும்

தினசரி மருந்து ஏழு நாளுக்கு, மருத்துவர் சீட்டின் நகலோடு. இன்சுலின் உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. உறைபனி நாளில் சட்டைக்குள், உடம்புக்கு அருகில், ஆனால் வெந்நீர் பாட்டிலிலிருந்து விலக்கி. ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், கட்டுத்துணி, கிருமிநாசினி, சானிட்டரி நாப்கின்.

ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் ஜிப் கவரில். நூறு, ஐம்பது ரூபாய்த் தாளாக இரண்டாயிரம். கரண்ட் போனால் ஏ.டி.எம். கிடையாது, ஜிபே கிடையாது. ஓர் அட்டையில் எண்களைப் பேனாவால் எழுதுங்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, அப்புறம் சமவெளியில் இருக்கும் ஓர் உறவினர் எண். மனைவியின் எண்ணே எனக்கு மனப்பாடம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

படி 8: அடுக்கும் வரிசை

கடைசியில் வேண்டியது அடியில், முதலில் வேண்டியது மேலே. அடியில் ஸ்லீப்பிங் பேக், அதற்கு மேல் இரவு உடுப்பு. நடுவில், முதுகை ஒட்டி, கனமானவை: தண்ணீர், சாப்பாட்டு டப்பா. கனம் முதுகிலிருந்து விலகினால் பின்னால் இழுக்கும், படியேறும்போது இடுப்பு போய்விடும். மருந்தும் காகிதமும் அதற்கு மேலே. உச்சியில், உள்உறைக்கு வெளியே, தார்ப்பாயும் ரெயின்கோட்டும். மழையில் பையைத் திறக்க நேர்ந்தால் இவை இரண்டை மட்டும் எடுக்க முடியவேண்டும், உள்உறையைப் பிரிக்கவே கூடாது. டார்ச்சும் விசிலும் மூடிப் பாக்கெட்டில். ஃபோம் பாயை வெளியே பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுங்கள், குறுக்காகக் கட்டினால் சந்துச் சுவரில் இடித்துக்கொண்டே வரும்.

இப்போது எடை பாருங்கள். உங்கள் உடல் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் ஏதாவது குறைக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 10 கிலோ. எதைக் குறைப்பது? இரண்டாவது டார்ச், பெரிய கத்தி, கூடுதல் பேன்ட். படுக்கையில் கை வைக்காதீர்கள்.

படி 9: ஒத்திகை

பையை மாட்டிக்கொண்டு நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள், முடிந்தால் தூறலில், இருட்டிய பிறகு. காட்டெருமை நிற்கும் வளைவு எது, தண்ணீர் பாயும் படி எது என்பது அப்போது தெரியும். பிறகு டிசம்பரில் ஓர் இரவு, கட்டிலை விட்டு இறங்கி, பைக்குள் இருப்பதை மட்டும் வைத்து ஹால் தரையில் தூங்குங்கள். எங்கள் ஒத்திகையில் நடு இரவில் மகள் எழுந்து தலையணை கேட்டாள். அன்றிலிருந்து ஸ்வெட்டர் திணிக்க ஒரு வெறும் தலையணை உறை பைக்குள் இருக்கிறது.

அந்த இரவு வந்தால்

மண் நகரும் என்று தெரிந்தால் பையைத் தேடி நிற்காதீர்கள். சுவரில் புது விரிசல், மரம் சாய்வது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது, கதவு சட்டத்தில் சிக்குவது எல்லாம் கிளம்பச் சொல்லும் அடையாளம். மழை நின்ற பிறகும் சரியும்.

தங்கும் இடத்தில் சுவரை ஒட்டியோ கதவுக்கு நேராகவோ இடம் பிடிக்காதீர்கள். நடுவில், மற்றவர்களுக்கு அருகில் படுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை விரித்து உதறி, படுக்கும் அரை மணி நேரத்துக்கு முன்பே விட்டுவிடுங்கள், அமுங்கிய பஞ்சு எழும்பட்டும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். சோம்பல்பட்டு அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கம் வராது. தலையைப் பைக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சில் ஏறும். மூக்கும் வாயும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே.

யாராவது வெந்நீர் போட்டால் ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா பார்த்து, காலுறைக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சுவர் பாட்டிலாக இருக்கவேண்டும் (நான் முன்பே சொன்ன இன்னொரு காரணம் இதுதான்). ஃபிளாஸ்க் சூட்டை வெளியே விடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குக் காலடியில் வைக்க வேண்டாம், வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கைக்குழந்தையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடக்கூடாது. குல்லா போட்டு, தாயின் நெஞ்சோடு அணைத்து, முகம் திறந்திருக்கும்படி இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். அந்த நேரம் தாய் தூங்கிவிடாமல் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது.

நடுக்கம் பயப்பட வேண்டியதல்ல, உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பேச்சு குழறுவது, தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, நடுங்கியவர் சூடாகாமலே நடுக்கம் நிற்பது, இவைதான் ஆபத்து. உடனே 108. அதுவரை ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, கீழே பாய், மேலே கம்பளி. நெஞ்சையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்கக்கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான டீ கொடுக்கலாம். "ரெண்டு மூடி பிராந்தி ஊத்தினா சரியாயிடும்" என்று ஒரு சித்தப்பா எந்த இடத்திலும் இருப்பார். சாராயம் தோலுக்கு ரத்தத்தை ஓடவிட்டுச் சூட்டை இன்னும் வெளியேற்றும். அவரை மரியாதையாக ஒதுக்கிவிடுங்கள்.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. ஜன்னல் ஒரு கீற்று திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். கணப்போடு தூங்கி எழாமல் போனவர்கள் இந்த மலைகளில் உண்டு.

பையைப் பராமரிப்பது

வருடத்துக்கு இரண்டு தடவை திறங்கள். கூடலூர் பக்கத்துக்காரர்கள் மே கடைசியில், கிழக்குச் சரிவுக்காரர்களும் கொடைக்கானல்காரர்களும் செப்டம்பர் கடைசியில் கட்டாயம். மருந்துத் தேதி, பேட்டரி, பிள்ளையின் காலுறை அளவு. பிள்ளைகள் வளர்கிறார்கள், பைக்குள் இருக்கும் உடுப்பு வளர்வதில்லை. கடலை மிட்டாயைத் தின்றுவிட்டுப் புதிதாக வையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கை வருடக்கணக்கில் அமுக்கி வைத்தால் பஞ்சு செத்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் பைக்குள். மற்ற மாதங்களில் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, முதுகுப்பைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். வெயில் அடிக்கும் பிப்ரவரி நாளில் மாடியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் பூசணம் அண்டாது. முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

எங்கள் பைகள் வாசல் கதவுக்குப் பின்னால் நான்கு ஆணியில் தொங்குகின்றன. பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில் வைத்தால் இருட்டில் கைக்கு வராது. ஒவ்வொரு பைக்கும் கீழே அவரவர் செருப்பு, அம்மாவின் பைக்குக் கீழே மட்டும் மடித்த காரட் சாக்கு நான்கு. பெரியவரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கோ தம்பி, மண்டியில தினம் நூறு வருது" என்று சொல்லிவிட்டார்.